பழத்தோலிலுள்ள மருந்து உடலில் சேர்வது எப்படி?

(பட்டாபிராமில், சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்ந்த பெரியோர்களும், விவசாயிகளும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகிய பழங்களின் தோலை உலர்த்திப் பொடியாக்கி, மருந்தாக விற்கும் தொழில் ஒன்றைத் தொடங்க உதவி வேண்டுமென்று இப்பகுதி மகளிர் குழு ஒன்று நம்மிடம் மனு அளித்திருக்கிறது. பட்டாபிராம் ரயில் நிலையத்தின் அருகிலும் திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரத்திலும் உள்ள பழரசக் கடைகளிலிருந்து நாள்தோறும் கூடை கூடையாகத் தோல் குப்பைக்குப் போகிறது. அதைக் காசாக்க வேண்டும் என்ற எண்ணம் பாராட்டுக்குரியது. ஆனால் அம்மனுவில், இப்பொடி நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்தும் என்று ஒரு வரி காணப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசவே இன்று வந்துள்ளோம்.

பழத்தோல் வெறும் குப்பை என்பது ஒரு தவறு. அதுவே அமிர்தம் என்பது மற்றொரு தவறு. இவ்விரண்டிற்கும் நடுவே உண்மை எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொண்டால், மனுவுக்கு உரிய விடையை நீங்களே கூறிவிடுவீர்கள்.

நம் வீட்டுப் பழக்கம்

தோலை உண்பது நமக்குப் புதிதன்று. மேல்நாட்டில் பலர் சாற்றைப் பிழிந்துகொண்டு தோலை எறிகின்றனர். நம் வீடுகளிலோ எலுமிச்சை, நாரத்தை, கடாரங்காய் ஆகியவற்றைத் தோலோடு நறுக்கி, உப்பிலிட்டு, வெயிலில் காயவைத்துச் சாடியில் வைக்கிறோம். காய்ச்சல் விட்டவனுக்கு வாய்க் கசப்பு நீங்கவும், பசி எடுக்கவும் கஞ்சியோடு ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய் கொடுப்பது வழக்கம். நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் மிளகாய், ஓமம், உப்புடன் இடித்து உருட்டி, அதற்கு வேப்பிலைக்கட்டி என்று பெயரும் வைத்திருக்கிறோம். அதில் வேப்பிலை இல்லை என்பது வேடிக்கை. பித்தம் தணியவும் சீரணம் சீர்படவும் இக்குலத்துக் காய்கனிகள் உதவும் என்று சித்த மருத்துவர்களும் கூறிவந்துள்ளனர்.

தோலில் இருப்பது யாது?

இப்பழங்களின் பெருமையை மேலை விஞ்ஞானம் அறிந்தது கடற்பயணத்தின் வாயிலாக. 1747ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலக் கப்பலில், ஈறு வீங்கி இரத்தம் கசியும் 'ஸ்கர்வி' நோயால் துன்புற்ற 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். அதற்குக் காரணமான வைட்டமின் 'சி'யைப் பிரித்தெடுத்த ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபெல் பரிசு பெற்றார்.

வைட்டமின் 'சி' மட்டுமன்றி வேறொரு வகைச் சத்தும் இப்பழங்களில் உண்டு. அவ்வகைக்கு 'ஃபிளவனாய்டுகள்' என்று பெயர். பூவுக்கும் காய்க்கும் நிறத்தையும் கசப்பையும் தந்து, செடியைப் பூச்சியினின்றும் வெயிலினின்றும் காப்பவை இவை. ஆரஞ்சுத் தோலின் உட்புறத்தில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பகுதி இருக்கிறதன்றோ? அதிலிருந்து 1828இல் லெப்ரத்தோன் என்ற பிரெஞ்சு ரசாயனர் 'ஹெஸ்பெரிடின்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். சாத்துக்குடியிலும், கமலா ஆரஞ்சிலும், எலுமிச்சையிலும் இது மிகுதி. பம்பளிமாஸின் கசப்புக்குக் காரணமானது 'நாரிஞ்சின்'. நாரங்கம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது; நம் நாரத்தையும் அச்சொல்லின் உறவே.

1936ஆம் ஆண்டில் சென்ட்-ஜியார்ஜி ஒரு புதுமையைக் கண்டார். நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு உள்ள நோயாளிகளுக்குத் தூய வைட்டமின் 'சி' பயன்படவில்லை. எலுமிச்சையின் கலப்புச் சாரமோ பயன் தருவதாகத் தோன்றியது. அச்சாரத்திலுள்ள ஃபிளவனாய்டுகளுக்கு அவர் வைட்டமின் 'பி' என்று பெயரிட்டார். (இது தானியத் தவிட்டிலுள்ள 'பி' அன்று, ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தாகிய 'பி'.) ஆனால் பின்னர் நடந்த சோதனைகளில் அம்முடிவு உறுதிப்படவில்லை. உடலுக்கு இன்றியமையாத வைட்டமின் இதுவன்று என்று 1950இல் அப்பெயரைக் கைவிடும்படி விஞ்ஞானிகள் பரிந்துரைத்தனர். நோபெல் பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக உலகம் அதனை ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதை மட்டும் நினைவில் வைப்போமாக.

ஏரி நிறைந்தது; கடைமடை காய்ந்தது

விவசாயிகளாகிய உங்களுக்கு ஒன்று நன்கு தெரியும். ஏரியில் நீர் நிறைந்திருப்பது வேறு. கடைமடை வயலில் நீர் பாய்வது வேறு. மதகு பழுதாகி, வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், ஏரி நிறைந்தும் பயிர் வாடும். பழத்தோலின் கதையும் இதுவே. தோலாகிய ஏரியில் சத்து நிறைந்திருக்கிறது. இரத்தமாகிய வயலுக்கு அது வந்து சேர்வதில்தான் சிக்கல்.

ஹெஸ்பெரிடின் நீரில் எளிதில் கரைவதில்லை. மேலும் அதன் முதுகில் இரண்டு சர்க்கரைத் துண்டுகள் மூட்டைபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மூட்டையோடு சிறுகுடலின் சுவரைத் தாண்டி உட்செல்ல அதனால் முடிவதில்லை. எனவே அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கடித்து நீக்கிய பின்னரே எஞ்சிய பகுதியில் ஓரளவு இரத்தத்தில் சேர்கிறது. ஆரஞ்சுச் சாறு அருந்தி ஏறத்தாழ 5 முதல் 7 மணி நேரம் சென்ற பிறகே இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. எஞ்சியது மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் ஒரே அளவு உண்ட இருவரில் ஒருவருக்கு மிகுதியும் மற்றவருக்குச் சொற்பமும் சேரும்.

இதனால் அறியத்தக்கது யாதெனில், ஒரு பொருளில் மருந்து உண்டு என்பது பாதி உண்மையே. அது உடலில் எவ்வளவு சேரும், எப்போது சேரும், யாருக்குச் சேரும் என்பவை மற்றப் பாதி.

வாய்க்கால் வெட்டும் முயற்சிகள்

விஞ்ஞானிகள் இம்மற்றப் பாதிக்காக உழைத்து வருகின்றனர். அவர்கள் வெட்டும் வாய்க்கால்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, நுண்ணிதாக அரைத்தல். நம் சித்த மருத்துவர்கள் சூரணத்தை இடித்துத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் செய்தல் என்பர். தூள் நுண்மையாக ஆக, அது விரைவில் கரையும் என்ற அறிவு அதில் அடங்கியுள்ளது. இதே வழியை இன்றைய தொழிற்சாலைகள் மிகுதூரம் கொண்டு சென்றுள்ளன. ஹெஸ்பெரிடினிலிருந்து 'டயாஸ்மின்' என்னும் பொருளைச் செய்து, அதனோடு சிறிது ஹெஸ்பெரிடின் வகைகளையும் சேர்த்து, 2 மைக்ரானுக்கும் குறைவான துகளாக அரைத்து மாத்திரையாக்குகின்றனர். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணமாக அரைத்த டயாஸ்மினில் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பங்கு உடலில் சேர்ந்தது என்றும், நுண்ணிதாக அரைத்ததில் 58 பங்கு சேர்ந்தது என்றும் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. பொருள் ஒன்றே, அரைப்பில்தான் வேறுபாடு!

500 மில்லிகிராம் கொண்ட இம்மாத்திரையில் 450 மில்லிகிராம் டயாஸ்மின். எஞ்சிய 50 மில்லிகிராம் ஹெஸ்பெரிடின் முதலிய பிற ஃபிளவனாய்டுகள். மூல நோய்க்கும், காலில் நரம்பு சுருண்டு புடைத்து, கனத்து, வீங்கும் நோய்க்கும் மருத்துவர்கள் இதனை எழுதிக் கொடுக்கின்றனர். நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்களுக்கும், அம்பத்தூர்த் தொழிற்சாலைகளில் நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கும் இந்நோய் எத்தகைய தொல்லை என்பது நமக்குத் தெரியும். எறியப்படும் பழத்தோலின் குலத்தைச் சேர்ந்த பொருள், உரிய பக்குவத்தில் மருந்தாகி நம் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. இது பெருமைக்குரியதே.

இரண்டாவது, மூட்டையை முன்கூட்டியே இறக்குதல். ஒரு நொதியைக் கொண்டு சர்க்கரைத் துண்டுகளில் ஒன்றை நீக்கிவிட்டால், மிகுந்த பகுதி சிறுகுடலிலேயே உட்செல்கிறது. 2006இல் வெளியான ஆய்வில், 7 மணி நேரத்தில் உச்சத்தை எட்டிய சத்து, இம்முறையால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எட்டியது. மூன்றாவது, நீரில் கரையும்படி மற்றொரு சர்க்கரையை இணைத்தல். இது ஜப்பானில் தொழிலாகவே நடைபெறுகிறது. நான்காவது, கொழுப்பாலான நுண்ணிய உறைக்குள் சத்தைப் பொதிந்து அனுப்புதல். இதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

துணைப்பொருள் சேர்ப்பதும் ஒரு வழி. இதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. மஞ்சளின் சத்தும் தனியே உண்டால் உடலில் மிகச் சொற்பமே சேரும். அதனோடு மிளகின் காரச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, சேரும் அளவு 20 மடங்கு கூடியதாக, பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டனர். மஞ்சளையும் மிளகையும் ஒரே பாலில் இட்டுக் காய்ச்சும் தாய்மார்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

மெய்ப்பிக்கப்பட்டதும் படாததும்

இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பற்றி மனிதர்களிடம் செய்த சோதனைகள் கூறுவது என்ன? 2011இல் பிரான்சில் வெளியான சோதனையில், உடற்பருமன் சற்று மிகுந்த, ஆனால் நோயற்ற 24 ஆடவர்கள் 4 வாரம் நாள்தோறும் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறோ, அதே அளவு ஹெஸ்பெரிடினோ உட்கொண்டனர். இரத்த அழுத்தத்தின் கீழ் எண் சிறிது குறைந்தது. ஆனால் 2010இல் வெளியான மற்றொரு சோதனையில், இரத்தக் கொழுப்பு மிகுந்த 194 பேருக்கு ஹெஸ்பெரிடினும் நாரிஞ்சினும் 4 வாரம் கொடுத்தும் கொழுப்பு குறையவில்லை. எலிகளிடம் நன்கு பலித்தது மனிதரிடம் பலிக்கவில்லை!

ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு, தீர்ப்புக்கு இடமில்லை. நீரிழிவு மாத்திரைக்கோ இரத்த அழுத்த மாத்திரைக்கோ பதிலாகப் பழத்தோல் பொடி நிற்கும் என்று கூற இன்று எந்த ஆதாரமும் இல்லை.

நாம் செய்த பிழை

இதனை இவ்வளவு அழுத்தமாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது விவசாயக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். பழத்தோல் பொடி விற்ற ஒருவர் இடம் கேட்டார். கிராமத் தொழில்தானே என்று இடம் ஒதுக்கினோம். அத்துடன் நில்லாமல், மேடையில் அப்பொடியைக் கையில் எடுத்துக் காட்டி இரண்டு வார்த்தை புகழ்ந்தும் பேசினோம். லேபிளில் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்க்கவில்லை.

அக்கூட்டத்தில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் பொடியை வாங்கிச் சென்றார். அரசு ஊழியர்கள் வீடு தேடி வந்து கொடுத்துக்கொண்டிருந்த இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் சாய்ந்தார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நாம் பார்க்கச் சென்றபோது அவர் மனைவியார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பழத்தோல்தானே ஐயா, அது என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்தோம். நீங்களும் நல்லது என்றீர்களே" என்று மட்டும் கூறினார்.

பழத்தோல் கெடுதல் செய்யவில்லை என்பது மெய்யே. நிறுத்திய மாத்திரைதான் கெடுதல் செய்தது. ஆனால் அதை நிறுத்தத் துணிவு தந்தது யார்? அந்த அம்மையாரின் சொல்லை நாம் இன்றுவரை மறக்கவில்லை. மேடையில் நிற்கும் அலுவலரும், ஊராட்சியில் பொறுப்பு வகிக்கும் பெரியவரும் ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டினாலே, அது மக்களுக்குச் சர்க்கார் முத்திரையாகிவிடுகிறது.

பம்பளிமாஸ் குறித்து ஓர் எச்சரிக்கை

சத்து உடலில் சேராதது ஒரு தொல்லையென்றால், மருந்து அளவுக்கு மீறிச் சேர்வது மற்றொரு தொல்லை. 1989இல் கனடா நாட்டில் டேவிட் பெய்லி என்பவரும் அவர் குழுவினரும் ஓர் இரத்த அழுத்த மருந்தையும் மதுவையும் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைக்க 'கிரேப் புரூட்' பழச்சாற்றைக் கலந்தனர். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராத வகையில் ஏறியிருந்தது. ஆராய்ந்ததில் காரணம் பழச்சாறே என்று தெரியவந்தது. குடலின் சுவரில் சில மருந்துகளின் ஒரு பகுதியைச் சிதைக்கும் நொதி ஒன்று காவலாள்போல் நிற்கிறது. இப்பழத்திலுள்ள வேறு சில பொருள்கள் அக்காவலாளை முடக்கிவிடுகின்றன. மருந்து வெள்ளம்போல் உட்புகுகிறது.

கிரேப் புரூட்டின் தாய்ப்பழம் நம் பம்பளிமாஸ். அதற்கும் இக்குணம் உண்டு. எல்லா மாத்திரைகளுக்கும் இது பொருந்தாது. ஆயினும் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றிற்கு மருந்து உண்பவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று மருந்து உண்பவர்களும் பம்பளிமாஸ் உண்ணலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றின் சாற்றில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

மனுவுக்கு விடை

இனி, மனுவுக்கு வருவோம். மருந்து என்ற பெயரில் தோல்பொடி விற்க நாம் உதவ இயலாது. சித்த மருந்தாக விற்பதற்கும் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுக்கிறது. அறியாமல் அச்சிட்ட ஒரு லேபிளுக்காக நம் சகோதரிகள் வழக்கில் சிக்குவதை நாம் விரும்பவில்லை.

பழரசக் கடைத் தோல் உண்பதற்கும் ஏற்றதன்று. சந்தைக்கு வரும் பழங்களின் மேல் பூச்சிமருந்தும் மெழுகும் இருக்கலாம். ஈரத்தோடு குவித்த தோலில் பூஞ்சணம் பிடிக்கும். அதை உலர்த்திப் பொடித்தால் நஞ்சும் கூடவே பொடியாகும்.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. கடைத்தோலைத் தரை கழுவும் திரவமாக்கலாம். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, நீர் 10 பங்கு சேர்த்து மூடிய பிளாஸ்டிக் கலத்தில் 3 மாதம் ஊறவைத்து வடித்தெடுப்பது பலரும் கையாளும் முறை. தொடக்கத்தில் நாள்தோறும் மூடியைச் சிறிது திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்; இல்லையேல் கலம் வெடித்துவிடும். எஞ்சும் சக்கை எருக்குழிக்கு ஆகும். உணவுப் பொருள்தான் செய்ய வேண்டுமெனில், நம் தோட்டத்துக் காயைக் கழுவி, ஊறுகாயாகவும் உப்பு நாரத்தையாகவும் வேப்பிலைக்கட்டியாகவும் செய்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று விற்கலாம். அதற்குரிய பயிற்சிக்கும் கடனுக்கும் நாம் முன்நிற்போம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பிட்டதை அளவோடு உண்ண வேண்டும் என்று லேபிளில் ஒரு வரி அச்சிட்டால் அது உங்கள் நாணயத்தை உயர்த்தும்.

அதற்குக் காய் வேண்டுமன்றோ? ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஓர் எலுமிச்சைக் கன்று நடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 75 செண்டிமீட்டர் உள்ள குழி வெட்டி, மக்கிய எருவிட்டு நடுக. தோட்டமாக வைப்போர் கன்றுக்குக் கன்று 5 முதல் 6 மீட்டர் இடைவெளி விடுக. நீர் தேங்கினால் எலுமிச்சை பிழைக்காது. நம் பகுதியின் தாழ்ந்த களிமண் நிலங்களில் மேடு அமைத்து நடுவது நலம். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும்.

உண்பதிலும் சிறிது கவனம் வைப்போம். ஆரஞ்சையும் சாத்துக்குடியையும் சாறாக்கி வடிகட்டுவதைவிடச் சுளையாக உண்பதே மேல். சுளையின் மேலுள்ள வெள்ளை நாரை முற்றிலும் உரித்துவிட வேண்டாம்; ஹெஸ்பெரிடின் அங்கேதான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் எந்த அளவு உண்ணலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்க. கீரை உண்ணும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால், கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உள்ளது என 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அவர்களுக்கு இந்த ஒரு மூடி எலுமிச்சை, எந்தப் பொடியையும்விடப் பெரிய உதவி செய்யும்.

பெரியோர்களே! இறுதியாக ஒரு வேண்டுகோள். வரும் கிராம சபையில், உரிமம் பெறாத மருந்துப் பொடிகளை நம் சந்தையிலும் கண்காட்சியிலும் விற்க இடம் தருவதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். மாத்திரை உண்பவர் எவராயினும், மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாதென்று அதே கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பழத்தின் சத்தை உடலில் சேர்க்கும் வாய்க்காலை விஞ்ஞானிகள் வெட்டிக்கொண்டிருக்கின்றனர். அவ்வேலை முடியும்வரை, ஏரியைக் காட்டிக் கடைமடைக்காரரிடம் காசு வாங்குவோரை நாம் ஊருக்குள் விடாதிருப்போமாக.